கோடையில் ஆற்றுப் பள்ளத்தாக்கு நடை, கூட இரண்டு நாய்கள்: எப்போது கிளம்புவது, எங்கே தண்ணீரில் விடுவது?

#1 கரைநடை

வணக்கம் மக்களே. அடுத்த வாரம் ஒருநாள் நீள நடை ஒன்று போடலாம் என்றிருக்கிறேன். ஆற்றை ஒட்டியே போகும் ஒற்றையடிப் பாதை. கீழே அகலமான புல்வெளி, மாடு மேயும் இடம். அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு குறுகிவிடும், இருபுறமும் மரம். மரங்கள் முடிகிற இடத்தில் ஆறு பெரிய வளைவு எடுத்து ஒரு கூழாங்கல் திட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதற்கு மேலே ஒரு நடைபாலம். பாலம் வரை போக 8 கிலோமீட்டர், வர 8.

கூட வருகிறவர்கள் இருவர். மணி, எட்டு வயது லேப்ரடார். சாப்பாட்டு ராமன், உடம்பைப் பார்த்தாலே தெரியும். தண்ணீரைக் கண்டுவிட்டால் கூப்பிடுவது காதில் விழாது. கறுப்பி, இரண்டு வயது, நெட்டைக்கால் கலப்பு. நாம் ஒரு பங்கு நடந்தால் அவள் மூன்று பங்கு ஓடியிருப்பாள்.

எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? எங்கே தண்ணீரில் விடலாம்? எங்கெல்லாம் வாரில் பிடிக்க வேண்டும்? "ஆறு கூடவே வருதே, வெயில் என்ன பண்ணிடப் போகுது" என்கிறார்கள் வீட்டில். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

#2 நாலுகால்

வீட்டுல சொல்றது சரிதான் சார். ரொம்ப யோசிக்காதீங்க. நாய்க்குத் தெரியாதா? சூடு தாங்கலைன்னா அதுவே போய்த் தண்ணியில படுத்துக்கும். எப்ப வேணா கிளம்புங்க, ஒரு பந்து எடுத்துட்டுப் போங்க, அவ்வளவுதான்.

#3 ஊசிமருந்து

கால்நடை மருத்துவம் என் தொழில் என்பதால் மேலே உள்ளதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

சூடு தாங்காவிட்டால் நாய் தானே நின்றுவிடும் என்பது பாதி நாய்களுக்குத்தான் பொருந்தும். மணி போல எஜமானுக்காக ஓடுகிற வகைக்கும், கறுப்பி போல ஓட்டமே குணமாக இருக்கிற வகைக்கும் அது பொருந்தாது. விழுகிற வரை ஓடும்.

பிரிட்டனில் லட்சக்கணக்கான நாய்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. வெப்பத்தால் நாய்க்கு வரும் பாதிப்பு என்றதும் நம் எல்லோருக்கும் பூட்டிய கார்தான் நினைவுக்கு வரும். அந்தப் பதிவுகளிலோ நான்கில் மூன்று பங்கு உடல் உழைப்பால் வந்தது: நடை, ஓட்டம், விளையாட்டு. கார் ஐந்து சதவீதம் அளவுக்குத்தான்.

காரணம் லேசானது. ஓடுகிற தசை வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்கு வியர்வை பாதங்களில்தான், அது போதவே போதாது. மீதி வேலையெல்லாம் இரைப்பின் தலையில். மூக்கு வழியாகக் காற்றை இழுத்து வாய் வழியாக விடும்போது மூக்குக்குள்ளும் நாக்கிலும் ஈரம் ஆவியாகிறது, அதோடு சூடு வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் இரைக்கும். அந்த ஈரம் ஆவியாகக் காற்று உலர்வாக இருக்க வேண்டும். காற்றோட்டமில்லாத ஆற்றுப் பள்ளத்தில், மரத்தடியில், ஈரப்பதம் ஏறிய காற்றில் எவ்வளவு இரைத்தாலும் பலன் குறைவு. நிழல் இருக்கும், தண்ணீர் இருக்கும், நமக்கு இதமாகக்கூட இருக்கும். நாய்க்குள் சூடு ஏறிக்கொண்டிருக்கும்.

எட்டு வயது, எடை கூடுதல். மணிக்கு இரண்டு காரணம் ஏற்கெனவே இருக்கிறது. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு இனமாக இருந்திருந்தால் இந்த நடையே வேண்டாம் என்றிருப்பேன்.

#4 நாலுகால்

சரி டாக்டர், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. சூடா இருக்கற நாயைக் குளிர்ந்த தண்ணியில இறக்கினா ஷாக் ஆயிடும், ஈரத்துணி மட்டும் போடணும், பாதத்தை மட்டும் நனைக்கணும்னு காலங்காலமா சொல்றாங்களே. அப்ப ஆறு இருந்தும் பிரயோஜனம் இல்லையா?

#5 ஊசிமருந்து

அந்தப் பழைய பாடத்தை இப்போது மாற்றிவிட்டார்கள். குளிர்ந்த நீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்ளே சூடு தங்கிவிடும் என்று நினைத்தார்கள். நடப்பில், குளிர்ந்த நீர்தான் சூட்டை வேகமாக இறக்குகிறது.

இன்றைய வழிகாட்டுதல்: முதலில் குளிர்வி, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோ. இளம், ஆரோக்கியமான நாய் என்றால் நீரில் கழுத்து வரை இறக்கலாம். வயதானதோ, வேறு நோய் உள்ளதோ என்றால் நிழலில் வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், கூடவே காற்று படும்படி விசிறுங்கள். ஐஸ் தேடி ஓட வேண்டாம். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் போதும். நினைவு தப்பிய நாயை ஆற்றில் இறக்கவே கூடாது, மூக்கில் நீர் போய்விடும். ஈரத் துண்டை மேலே போர்த்தி விட்டுவிடாதீர்கள். சற்று நேரத்தில் துண்டு சூடாகி, உள்ளேயுள்ள சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்.

இதையெல்லாம் சொல்லியும் நடைமுறை மோசம். பிரிட்டனில் 2016 முதல் 2018 வரையான பதிவுகளைப் பார்த்தபோது, மருத்துவரிடம் வருவதற்கு முன்னால் குளிர்விக்கப்பட்ட நாய்கள் ஐந்தில் ஒன்று அளவுக்குத்தான். வெப்ப பாதிப்போடு வந்தவற்றில் ஏறக்குறைய ஏழில் ஒன்று இறந்துபோகிறது. ஆகவே ஆற்றங்கரையில் இருப்பது உண்மையிலேயே ஒரு வசதிதான், அவசரத்துக்கு.

என்ன பார்க்க வேண்டும்: நாக்கு அகலமாகி நுனி கரண்டி மாதிரி விரியும். உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் இரைப்பு இறங்காது. ஜொள்ளு கெட்டியாகக் கயிறு கட்டும். ஈறு கருஞ்சிவப்பாகும். பின்கால் தடுமாறினால் நேரமில்லை என்று அர்த்தம். வழக்கமாக 38, 39 டிகிரி செல்சியஸில் இருக்கும் உடம்பு 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். தெர்மாமீட்டர் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், தடுமாற்றமே போதும்.

#6 பழைய நடையன்

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளத்தாக்குக்கு என்று ஒரு காற்று உண்டு, அதைக் கணக்கில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

வானம் தெளிந்த கோடை இரவில் சரிவுகளில் உள்ள காற்று குளிர்ந்து கனமாகி, இறங்கி வந்து ஆற்று மட்டத்தில் தேங்கும். விடிகாலையில் ஆற்றின் மேல் பனிமூட்டம் படுத்துக்கிடப்பது அதனால்தான். சுற்றுவட்டாரத்திலேயே குளிர்ச்சியான இடம் அந்த நேரத்தில் பள்ளத்தின் அடிதான். அந்தக் குளிர்காற்று ஆற்றோடு கீழ்நோக்கி மெல்ல நகரும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் எல்லாம் தலைகீழ். பத்து, பதினொரு மணிவாக்கில் காற்று கீழிருந்து மேலே ஏறத் தொடங்கும், பிற்பகலில் நன்றாகவே வீசும்.

இதை நடைக்குப் பொருத்துங்கள். விடிகாலையில் மேல்நோக்கி நடந்தால் இறங்கும் காற்று முகத்தில் அடிக்கும். வெயில் ஏறியபின் கீழ்நோக்கித் திரும்பினால் ஏறும் காற்றும் முகத்திலேயே அடிக்கும். இரண்டு பக்கமும் எதிர்காற்று! அதோடு சூடான நேரத்தில் இறக்கம், தசைக்கு வேலை குறைவு. இதையே மாற்றிப் போட்டால் மதியத்தில் ஏற்றமும் முதுகுக்காற்றும் சேர்ந்துவிடும். நாம் நடக்கும் வேகத்தில் பின்னாலிருந்து காற்றும் வந்தால் உடம்பைச் சுற்றிக் காற்று அசையாத மாதிரிதான்.

அதனால் பாலம் மேலே இருக்கிறது என்றால் உங்கள் வழி தானாகவே சரியாக அமைந்திருக்கிறது. வெளிச்சம் வருமுன் கிளம்புங்கள். ஒரு விஷயம் மட்டும்: பள்ளத்தாக்கு குறுகி மரம் அடர்ந்த அந்தத் துண்டில் இந்தக் காற்று சரியாக நுழையாது. திரும்பும்போது அங்கே நின்று கதை பேச வேண்டாம்.

#7 தூறல்

எதிர்காற்று விஷயம் அருமை ஐயா, இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாடு மேயும் இடம் என்று போட்டிருக்கிறாரே, எனக்கு அதுதான் பயம். எங்கள் நாய் மாட்டைப் பார்த்தால் குரைத்தே தீரும்.

#8 பழைய நடையன்

கன்று இல்லாத மாடு என்றால் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும், பின்னாலேயே வரும், அவ்வளவுதான். கன்றோடு இருக்கும் பசு வேறு ரகம். அதன் கண்ணுக்கு நாய் ஓநாய்.

தூரத்திலேயே கன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுற்றிப் போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள். வாரைக் குட்டையாகப் பிடித்து ஓடாமல் நடங்கள். துரத்த ஆரம்பித்துவிட்டால் வாரை விட்டுவிடுங்கள். கேட்கக் கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் மாடு துரத்துவது நாயைத்தான், நாய் எப்படியும் ஓடித் தப்பிக்கும். நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற ஆள்தான் மிதிபடுகிறார்.

#9 கூழாங்கல்

நான் துடுப்புப் படகு ஆள், நாய் ஆள் இல்லை. ஆறு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

வளைவில் வெளிப்பக்கம் ஆழம், இழுப்பு, அரித்துச் செங்குத்தாக நிற்கும் கரை. நாய் இறங்கிவிடும், ஏற முடியாது. உள்பக்கம் மேடு, கூழாங்கல், மெதுவான நீர். கரைநடை சொன்ன திட்டு இந்த உள்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். நாயை விடுவதானால் அங்கே.

நாய்க்காரர்கள் எல்லாம் இறங்கும் இடத்தைப் பார்க்கிறீர்கள். நான் பார்க்கச் சொல்வது அதற்குக் கீழே ஐம்பது, நூறு அடி. அங்கே விழுந்து கிடக்கும் மரம் இருந்தால் அந்த இடம் வேண்டாம். தண்ணீர் கிளைகளுக்குள்ளே புகுந்து போய்விடும், உடம்பு போகாது. கிளையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், மீளவே முடியாது. படகுக்காரர்கள் பாறையைவிட அதற்குத்தான் பயப்படுவோம். தடுப்பணைக்குக் கீழே வெள்ளையாக நுரைக்கிற தண்ணீரும் அப்படித்தான். காற்று கலந்த நீர் தாங்காது, மேலே வந்ததைத் திரும்ப உள்ளே சுழற்றும்.

மேலே எங்கோ அணை இருந்தால் வெயில் காய்கிற நாளிலும் தண்ணீர் திடீரென்று ஏறும். திட்டில் உட்காரும்போது நீரோரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அது நனைந்தால் எழுந்துவிடுங்கள்.

#10 நாலுகால்

இதுக்கு நல்ல வழி இருக்கு. பத்து மீட்டர் கயிறு ஒண்ணு கழுத்துப் பட்டையில கட்டி விட்டா இழுத்துக்கலாமே.

#11 கூழாங்கல்

ஓடுகிற தண்ணீரில் கயிறு கட்டாதீர்கள். குளம் என்றால் சரி. ஆற்றில் கயிறு கல்லிடுக்கில் மாட்டினால், இழுப்பு நாயை அதே இடத்தில் வைத்து அமுக்கும், தலை உள்ளே போய்விடும். முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை போடுங்கள், போதும்.

நாய் அடித்துக்கொண்டு போனால் பின்னாலேயே குதிக்கிற வேலையும் வேண்டாம். கரையோடு கீழ்ப்பக்கம் ஓடி, ஏற வசதியான இடத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பல நேரம் நாய் தானே கரையேறிவிடும், உள்ளே குதித்த ஆள்தான் மாட்டிக்கொள்வார்.

#12 மீன்கொத்தி

எல்லோரும் அந்தக் கூழாங்கல் திட்டை நாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

பட்டாணி உப்புக்கொத்தி கூடு என்று எதுவும் கட்டாது. கல்லுக்கு நடுவே சின்னக் குழி, அதில் நான்கு முட்டை, கூரான முனை உள்நோக்கி. சாம்பல் பூத்த மேனியில் கறுப்புப் புள்ளி. இரண்டடி தூரத்தில் குனிந்து நின்றாலும் கல்லா முட்டையா என்று சொல்ல முடியாது. நாய் மோப்பம் பிடித்து மிதிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பறவையைக் கிளப்பிவிட்டாலே போதும். சுடுகிற கல்லில், மேல்வெயிலில், நிழல் தருகிற உடம்பு இல்லாமல் முட்டை சீக்கிரமே வெந்துவிடும். இந்த வகைப் பறவைகளில் சில, ஆற்றில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும், சூட்டைத் தணிக்க. நீங்கள் திட்டில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அது வர முடியாமல் எங்கோ நின்று கத்திக்கொண்டிருக்கும்.

ஒற்றை இறக்கையை உடைந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஒரு பறவை உங்கள் முன்னால் நொண்டினால் அதன் பின்னாலும் போகாதீர்கள், முன்னாலும் போகாதீர்கள். முட்டையோ குஞ்சோ காலடியில் இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

#13 நாலுகால்

அங்க விடாதே, இங்க விடாதே, கயிறு கட்டாதே. பேசாம நாயை வீட்டுல ஃபேன் போட்டு உக்கார வைங்க. நாங்க சின்ன வயசுல நாயோட ஆத்துல கிடந்தோம், ஒண்ணும் ஆகல.

#14 நெறியாளர்

நாலுகால், கருத்து சொல்லலாம், கிண்டல் வேண்டாம். மீன்கொத்தி, உங்களுக்கும் அதேதான், தனிமடலில் வந்ததைப் பார்த்தேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

#15 தூறல்

பாசி பற்றி யாராவது சொல்லுங்களேன். தேங்கிய குளத்துப் பச்சைத் தண்ணீர் நாய்க்கு ஆகாது என்று தெரியும். ஓடுகிற ஆற்றில் பயமில்லை அல்லவா?

#16 ஊசிமருந்து

ஆற்றிலும் உண்டு. குளத்தில் நீலப்பச்சைப் பாசி பெயின்ட் கொட்டிய மாதிரி மேலே மிதக்கும், பார்த்ததும் விலகிவிடலாம். ஆற்றில் அது அடியில் கல்லின் மேல் வளரும். கரும்பழுப்பு, கரும்பச்சை நிறத்தில் வெல்வெட் போல வழவழவென்று ஒரு படலம். கோடையில் நீர் வற்றி, மெதுவாகி, சூடாகும்போது தடிக்கும். பிறகு தட்டுத்தட்டாகப் பிய்ந்து ஓரத்தில் ஒதுங்கிக் காயும். மண்வாசமும் பூஞ்சை வாசமும் கலந்த நாற்றம். நமக்கு முகம் சுளிக்கும், நாய்க்கு நாவூறும்.

நியூசிலாந்தில் ஹட் ஆற்றில் 2005-இல் நாய்கள் இறந்தது இந்தப் படலத்தைத் தின்றுதான். சில வகைகளில் உள்ள நஞ்சு நரம்பைத் தாக்கும். தள்ளாட்டம், நடுக்கம், மூச்சு நின்றுபோதல், எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடக்கக்கூடும். வேறு சில கல்லீரலைத் தாக்கும். மாற்று மருந்து கிடையாது. நாய் அதில் புரண்டிருந்தால் நக்கிக்கொள்ளும் முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பந்து விஷயமும் சொல்லிவிடுகிறேன். நீரில் பந்தை எறிந்து எறிந்து எடுத்துவரச் செய்தால் ஒவ்வொரு தடவையும் அகலத் திறந்த வாயோடு தண்ணீர் உள்ளே போகும். நிறையப் போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, தள்ளாடினால் அதுவாக இருக்கலாம். தட்டையான பொருளை எறிந்தால் வாய் குறைவாகத் திறக்கும். நடுநடுவே கரையில் உட்கார வையுங்கள்.

#17 கரைநடை

போய் வந்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி. நீளமாகவே எழுதுகிறேன், கேட்டவர்கள் நீங்கள்தானே.

இருட்டு பிரிவதற்குள் புல்வெளியில் இருந்தோம். பழைய நடையன் ஐயா சொன்ன மூட்டம் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது. கறுப்பியின் முதுகு மட்டும் மேலே தெரியும், மணி அப்படியே காணாமல் போய்விடுவான். முகத்தில் சில்லென்று காற்று. கன்று போட்ட பசுக்கள் பாதையிலேயே படுத்திருந்ததால் வேலியோரமாகப் பெரிய சுற்று. ஒன்று எழுந்து நின்று பார்த்தது, அவ்வளவுதான்.

மரங்களுக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் ஒரு பாறையை விட்டு நகர மாட்டேன் என்றார்கள். மேலே கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு சின்னக் குவியல். குச்சியால் கிளறினால் உள்ளே முழுக்க மீன் செதிலும் நண்டு ஓட்டுத் துண்டும், சூரியன் பட்டதும் மினுக்கியது. நீர்நாயின் எச்சம். அதற்கப்புறம் அந்தத் துண்டு முழுக்க வாரில்தான், நீர்நாய்க் குடும்பத்தோடு மணி சண்டைக்குப் போய் நான் விலக்க முடியாது.

திட்டுக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டோம். மீன்கொத்தி எழுதியதைப் படித்திருந்ததால் முதலில் தூரத்திலேயே நின்று பார்த்தேன். மேல்முனையில் இரண்டு பறவைகள், கல்லுக்கு நடுவே குடுகுடுவென்று ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன. ஆகவே நாங்கள் கீழ்முனையோடு நிறுத்திக்கொண்டோம். பாறையில் படலம் இருக்கிறதா, கீழே மரம் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டேன். மணி மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு நீந்தினான், நீந்தினான், நீந்திக்கொண்டே இருந்தான். கறுப்பி வயிறு வரை நின்று தண்ணீரைக் கடித்தாள்.

பாலம் வரை போகவில்லை. ஒன்பதரைக்கே கல் கையில் வைக்க முடியாத சூடு, மணி நிழலில் படுத்தும் இரைப்பு அடங்க நேரமெடுத்தது. அங்கிருந்தே திரும்பிவிட்டோம். காற்று எதிரே வரத் தொடங்கியது உண்மை, ஆனால் மரங்களுக்கு நடுவே இலைகூட அசையவில்லை. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் மூன்று இடத்தில் நிறுத்தி இரண்டு பேரையும் ஆற்றில் நிற்க வைத்தேன்.

இப்போது இரண்டு சந்தேகம். மறுநாள் காலையிலிருந்து மணியின் வால் செத்த மாதிரி தொங்குகிறது, ஆட்டவே இல்லை, அடிவாலைத் தொட்டால் முனகுகிறான். சாப்பாட்டில் குறையில்லை. கறுப்பி ஒரு பக்கமாகவே தலையை உதறிக்கொண்டிருக்கிறாள்.

#18 ஊசிமருந்து

வால்: நீண்ட நேரம் நீந்தியதால் வாலடித் தசை சோர்ந்து வீங்குவது. நீந்தும்போது வால்தான் சுக்கான். லேப்ரடார்களுக்கு அடிக்கடி வரும். பெரும்பாலும் சில நாள் ஓய்வில் சரியாகிவிடும். வலி அதிகமென்றால் மருத்துவரிடம் நாய்க்கான மருந்து கேளுங்கள். வீட்டிலுள்ள மனிதர் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், ஐபுப்ரோஃபன் சின்ன அளவிலேயே வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கறுப்பியை இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே பக்கம் உதறுகிறாள் என்றால் என் சந்தேகம் புல்விதை. காய்ந்த புல்லின் விதையில் பின்நோக்கிச் சாய்ந்த முள் மாதிரி மயிர் இருக்கும். முன்னால் போகும், திரும்பி வராது. காதில் பட்டால் செவிப்பறை வரை போய்விடும். பஞ்சுக் குச்சி போட்டுக் கிளறினால் நீங்களே உள்ளே தள்ளுவீர்கள். அப்படியே விரலிடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

#19 கரைநடை

விதைதான்! எடுத்துவிட்டார்கள். காதுக்குள் ஒன்று, முன்னங்கால் விரலிடுக்கில் ஒன்று. கையில் கொடுத்தார்கள், அரை இஞ்ச் இருக்கும். உண்ணி எதுவும் இல்லை. நடைக்கு இரண்டு நாள் முன்னால் பிடரியில் சொட்டு மருந்து விட்டிருந்தேன், அதனாலாக இருக்கும்.

#20 மீன்கொத்தி

இரண்டு நாள் முன்னால் விட்டுவிட்டு ஆற்றில் நீந்த விட்டீர்களா? எந்த மருந்து?

கேட்கக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 20 ஆறுகளில் எடுத்த நீர்ச் சோதனை முடிவுகளை ஆராய்ந்து சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்டார்கள். 98 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரோனில், 66 சதவீதத்தில் இமிடாகுளோப்ரிட். இரண்டும் பூச்சிக்கொல்லிகள், அங்கே வயலில் அடிக்கத் தடை வந்தவை அல்லது கட்டுப்படுத்தப்பட்டவை. நாய், பூனைக்கான சொட்டு மருந்தில் மட்டும் தொடர்ந்து இருப்பவை. கல்லுக்கு அடியில் வாழும் நீர்ப்பூச்சிக் குஞ்சுகளுக்கு இமிடாகுளோப்ரிட் துளியளவும் நஞ்சு. அந்தப் பூச்சிகளைத் தின்றுதான் நீங்கள் பார்த்த அந்த இரண்டு பறவைகளும் குஞ்சு வளர்க்கின்றன.

#21 நாலுகால்

இது நியாயமான கேள்விதான். ஆனா உண்ணியை விட்டுடச் சொல்றீங்களா? எங்க பக்கத்து வீட்டு நாய் உண்ணிக் காய்ச்சல்லதான் போச்சு.

#22 ஊசிமருந்து

இரண்டு பேர் சொல்வதும் சரி. உண்ணியை விட்டுவைக்க முடியாது. ஆனால் வருடம் முழுக்க மாதாமாதம் பழக்கத்துக்காகச் சொட்டு விடுவதும் தேவையில்லை. அந்த ஆய்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஆற்றுக்கு வருவது நீந்துகிற நாயிடமிருந்து மட்டும் இல்லை. குளிப்பாட்டுகிற தண்ணீர், நாய்ப் படுக்கையைத் துவைக்கிற தண்ணீர், மருந்து விட்ட கையைக் கழுவுவது எல்லாம் சாக்கடை வழியாக அங்கேதான் போய்ச் சேருகிறது. நாயை ஆற்றில் விடாவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது.

வழக்கமாக நீந்துகிற நாய் என்றால் மாத்திரைக்கு மாறலாம். அதுவும் உடம்பிலிருந்து கழிவாக வெளியேறத்தான் செய்யும், ஆனால் மேலிருந்து கழுவிக்கொண்டு போகாது. ஒரு எச்சரிக்கை: ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் அறிவித்தது. வலிப்பு வந்த நாய்க்கு யோசித்துத்தான் கொடுப்போம். கரைநடை, உங்கள் இருவருக்கும் அப்படி ஏதாவது இருந்ததா?

#23 கரைநடை

இல்லை டாக்டர், இருவருக்கும் இல்லை. அடுத்த தடவை மருத்துவரிடம் மாத்திரை பற்றிப் பேசுகிறேன். இந்த மாதச் சொட்டின் காலம் முடியும்வரை ஆற்றங்கரை நடை உண்டு, நீச்சல் கிடையாது. மணிக்கு எப்படியும் வால் தேற வேண்டும்.

#24 மீன்கொத்தி

மகிழ்ச்சி. மருந்து விட்ட நாளில் துலக்கிய முடியையும் தோட்டத்தில் பறக்க விடாதீர்கள், குருவி கூட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்.

#25 நாலுகால்

கூழாங்கல் அண்ணே, அந்தக் கைப்பிடி வெச்ச மிதவைச் சட்டை, நம்ம ஆளுக்கும் ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். அளவு எப்படிப் பாக்கறது? சிரிக்காதீங்க.

#26 கூழாங்கல்

சிரிக்கவில்லை தம்பி. மார்பின் அகலமான இடத்தில் நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள், எடையைப் பார்த்து வாங்காதீர்கள். போட்டுவிட்டு வார்களை இறுக்கி, கைப்பிடியைப் பிடித்து நாயைத் தரையிலிருந்து அரையடி தூக்குங்கள். முன்னங்கால் வழியாக நழுவினாலோ, சட்டை காதுவரை ஏறினாலோ பெரிது. அக்குளில் உரசிச் சிவந்தால் சிறிது. முதல் தடவை முழங்கால் ஆழத்திலேயே போட்டுப் பழக்குங்கள். சில நாய் சட்டை போட்டதும் சிலையாக நின்றுவிடும்.